பிழை எண் 88

சத்தி ரோட்டில், சரவணம்பட்டியில், மூன்றாம் மாடி.
கீழே பேக்கரி. தேங்காய் பன் வேகும் வாசம்
ஏசிக்குள்ளும் ஏறி வந்துவிடும்.
என் வேலை, முட்டிக்கொள்வது.
காலை ஒன்பதரைக்குத் தொடங்கி
பனையில் முட்டுகிறேன், பாறையில் முட்டுகிறேன்,
கிணற்று மேட்டில் முட்டுகிறேன்.
எங்கே முட்டாமல் உள்ளே போய்விடுகிறேனோ
அங்கே ஒரு பிழை.
எண் போட்டு எழுதி வைக்கிறேன்.

மற்றவர்கள் இளைப்பாறுவதற்காக
நாங்கள் செய்யும் விளையாட்டு.
சாவு கிடையாது, கடிகாரம் கிடையாது.
ஒரு கொறங்காடு, சுற்றிலும் கிளுவை வேலி,
அங்கங்கே வெள்வேல மரம்,
முழங்கால் மட்டும் கொழுக்கட்டைப்புல்.
ஐந்து செம்மறி, மூன்று படல், ஒரு கல்தொட்டி.
எதைத் திறந்து எதைச் சாத்தினால்
ஆடுகள் தண்ணிக்குப் போகும்,
அவ்வளவுதான் புதிர்.
தப்பாகத் திறந்தால் யாரும் வைய மாட்டார்கள்.
வெயில் கொஞ்சம் சாயும்.
ஆடு உங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு
மேயப் போய்விடும்.

மூன்றாம் படலுக்குக் கயிறும் இல்லை, கொண்டியும் இல்லை.
கைகளை எடுத்துவிட்டு
நாற்பது வினாடி கம்முனு நின்றால்
தானாகத் திறந்துகொள்ளும்.
கீரணத்தத்திலிருந்து ஆடிப் பார்க்க வந்த பையன்
பன்னிரண்டாவது வினாடியில்
எல்லாப் பொத்தானையும் அமுக்கிவிட்டான்.
நான் அதை நாளைக்கு முப்பது தடவை சோதிக்க வேண்டும்.
"கம்முனு நிக்கறதுக்குச் சம்பளமா கண்ணு?"
அக்கா வீட்டு மாமா பல்லடத்தில்
பதினாறு தறிக்கு நடுவில் நிற்பவர்.
அவர் கேட்கலாம்.

பிழை 41: கவுதாரி பக்கவாட்டில் பறக்கிறது.
பிழை 57: நிழல், பனையை விட்டு இரண்டடி தள்ளி விழுகிறது.
பிழை 63: குட்டி தொட்டிக்குள் நிற்கிறது. நனையவில்லை.
பிழை 70: மழை பெய்யும்போதும் ஓணான் தலையாட்டுகிறது.
(பிழைதானா, தெரியவில்லை.)

எண்பத்தெட்டு, வெள்ளிக்கிழமை சாயந்தரம் கிடைத்தது.
வேலியின் தென்மேற்கு முக்கில்
பிரண்டை ஏறிக் கிடக்கும் இடத்தில்
மெதுவாகத் திரும்பினால் ஒரு சந்து.
ஓடினால் கிடைக்காது.
நுழைந்தேன்.

அக்கட்டால ஒன்றுமில்லை.
யாரும் இன்னும் வரையாத சாம்பல்.
தரையில்லை, ஆனாலும் விழவில்லை.
குருவிகள் நின்றன. தொட்டித் தண்ணீர் நின்றது.
ஒலிகள் ஒவ்வொரு அடுக்காகக் கழன்று
ஹெட்போனில் காற்று மட்டும் மிஞ்சியது.
அர்த்தநாரி பதிந்து வந்த காற்று.
எனக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருப்பவர்,
நாங்கள் பேசிக்கொண்டதில்லை.
ஆடியில் மூலனூர்ப் பக்கம் போய்
மூன்று நாள் நின்று பிடித்தாராம்.
அந்தக் காற்றுக்குள், தூரத்தில், ஒரு குரல்:
"ஏனுங், யாரைப் பாக்கோணும்?"
கிட்டத்தில் அவர் குரல்:
"யாரையுமில்லீங்க. காத்துக்குத்தான் வந்தனுங்க."
கொஞ்ச நேரம் காற்று.
"செரி செரி. நில்லுங்."

நாலு தடவை கேட்டேன். அப்புறம்தான் அறிக்கை.
செய்முறை: தென்மேற்கு முக்குக்குப் போகவும்.
அவசரப்படாமல் திரும்பவும்.
தீவிரம்: குறைவு.
எதிர்பார்த்தது: வேலி.
கிடைத்தது:
அந்தக் கட்டத்தில் என்ன எழுத என்று தெரியாமல்
காலியாகவே அனுப்பிவிட்டேன்.

திங்கட்கிழமை புதுப் பதிப்பு வந்தது.
கவுதாரி நேராகப் பறந்தது.
நிழல் பனையிடம் திரும்பியிருந்தது.
குட்டி நனைந்து, ஒரு உதறு உதறியது.
ஓணானை யாரும் தொடவில்லை.
தென்மேற்கு முக்கில் பிரண்டை,
சந்து, போனபடியே.
அதற்கப்பால் அதே சாம்பல்,
அதில் புதிதாக ஒரு கல்,
உட்காரும் உயரத்தில்.

88க்கு நேரே
"சரிசெய்தாயிற்று, அர்த்தநாரி" என்றிருக்கிறது.
சோதித்துப் பார்த்து அதை மூட வேண்டியது நான்.
மணி நாலேகால். கீழே டீ ஆறிக்கொண்டிருக்கும்.
இன்னும் சோதித்துக்கொண்டிருக்கிறேன்.